சிரிக்க வைத்த மகளும் அவள் அன்னையும்

நம் இளைய மகள் சென்னையில் பணியாற்றுகின்றாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊர் வந்திருந்தவள், ஓரிரவு இஷாவுக்குப் பின் மடிக்கணினியை ஏந்திக்கொண்டு நம் அறைக்குள் நுழைந்தாள். "வாப்பா, அமெரிக்காவுல நம்ம ஆளு ஒருத்தர் எடுத்த தொடர் ஒண்ணு இருக்கு. ஒரு பகுதி மட்டும் பாருங்க. அரை மணி நேரந்தான்" என்றாள்.

"நம்ம ஆளு" என்று அவள் குறித்தது அஸீஸ் அன்சாரி என்னும் நகைச்சுவைக் கலைஞரை. தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்த தமிழ் முஸ்லிம் பெற்றோருக்கு 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். தந்தையார் ஷவ்கத் அன்சாரி மருத்துவர். "மாஸ்டர் ஆஃப் நன்" எனும் பெயரில் 2015-இல் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த தம் தொடரில், கதாநாயகன் தேவின் தாய் தந்தையாகத் தம்மைப் பெற்றவர்களையே அவர் நடிக்க வைத்தார். மருத்துவப் பணியிலிருந்து ஆண்டு முழுவதற்கும் கிடைக்கும் விடுமுறையில் பெரும்பகுதியைத் தந்தையார் இதற்காகவே செலவிட்டாராம். நடிப்பு ஆசையால் வரவில்லை, மகனோடு சிறிது காலம் கூடியிருக்கலாமே என்றுதான் வந்தேன் என்று அவர் சொன்னதை மகன் பின்னர் எழுதி வெளியிட்டிருக்கின்றார். இந்தச் செய்தியே நம்மைக் கணினியின் முன் அமர்த்தப் போதுமானதாயிருந்தது.

ஆயினும் அன்றிரவு நாம் கண்ட பகுதி அன்சாரியின் கதையன்று. அதன் உயிர் லீனா வெய்த் என்னும் கறுப்பினப் பெண்மணி. எழுதியவர் அவர், நடித்தவரும் அவர், அது அவர் தம் சொந்த வாழ்க்கை. அவர் தன்பாலீர்ப்பு கொண்டவர், அதாவது பெண்ணை நேசிக்கும் பெண். இதை எப்படிச் சொல்வதென்று நம் மகள் சற்றுத் தயங்கினாள். தயக்கம் அவளுடையது மட்டுமன்று. இத்தகையோரைக் குறிக்க நம் தெருக்களில் வழங்கும் சொற்கள் யாவும் வசைச் சொற்களே. 2022-இல் தமிழ்நாட்டரசு இதற்கென ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட வேண்டியிருந்தது. சொல் இல்லாத இடத்தில் பேச்சும் இராது. பேச்சில்லாத வீட்டில் என்ன நேரும் என்பதை நாம் நேரில் கண்டிருக்கின்றோம். அதற்குப் பின்னர் வருவோம்.

மதரஸாவில் ஓதிய ஓர் ஆசிரியருக்கு நகைச்சுவை எழுத்தாளரிடம் என்ன வேலை என வாசகர் வினவலாம். அரபு இலக்கியம் பயின்றவர் அப்படிக் கேட்க மாட்டார். பஸ்ராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 255-இல் மறைந்த அல்-ஜாஹிஸைப் படியாமல் அரபு உரைநடையைக் கற்றதாக எவரும் சொல்லிக்கொள்ள முடியாது. துருத்திய விழிகளால் அப்பெயர் பெற்ற அவருடைய பாட்டனார் கறுப்பினத்தவர் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. கறுப்பர்தம் பெருமையை நிலைநாட்டத் தனி நூலே எழுதினார். கஞ்சர்களைப் பற்றி அவர் எழுதிய "கிதாபுல் புகலா" அரபியின் தலைசிறந்த நகைச்சுவை நூல்களுள் ஒன்று. அதன் முகவுரையில் சிரிப்புக்காக அவர் வழக்காடுகின்றார்: அரபியர் தம் மக்களுக்கு ளஹ்ஹாக் என்றும் பஸ்ஸாம் என்றும் பெயரிட்டார்களே, சிரிப்பு இழிவானதாயின் பெற்ற பிள்ளைக்கு அப்பெயரை இடுவார்களா என்று. ஆகவே கறுப்பினத்தவர் ஒருவர் சிரிக்க வைத்துப் புகழ் பெற்றார் என்ற செய்தி நமக்குப் புதிதன்று.

லீனா 1984-ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் பிறந்தார். அவர் மூன்று வயதுக் குழந்தையாயிருந்தபோதே பெற்றோர் மணவிலக்குப் பெற்றனர். பதினைந்தாம் வயதில் தந்தையும் காலமானார். நகரின் தென்பகுதியில், கறுப்பின மக்கள் நெருங்கி வாழும் வட்டாரத்தில், தாயும் பாட்டியும் அவரை வளர்த்தனர். பாட்டியோடு அமர்ந்து தொலைக்காட்சி பார்ப்பதே அவருக்குப் பள்ளிக்கு வெளியே கிடைத்த பள்ளி. கறுப்பின மாணவர்களின் கல்லூரி வாழ்வைக் காட்டிய "எ டிஃபரன்ட் வேர்ல்ட்" போன்ற தொடர்களை ஓயாமல் பார்த்தார். ஏழு வயதிலேயே, தொலைக்காட்சிக்கு எழுதுவதுதான் தம் தொழில் என்று உறுதி கொண்டாராம். பிள்ளைகள் தொலைக்காட்சி முன்னால் கிடந்து கெடுகின்றன என்று ஓயாது உரைப்பவர்களுள் நாமும் ஒருவர். இவர் விஷயத்தில் நம் வாய் சற்றே அடைபட்டது என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

2006-இல் சிக்காகோவின் கொலம்பியா கல்லூரியில் திரைப்பட, தொலைக்காட்சிக் கலையில் பட்டம் பெற்று லாஸ் ஏஞ்சலிஸ் சென்றார். அங்கே எடுத்த எடுப்பில் யாரும் எழுதுகோலைக் கையில் கொடுத்துவிடவில்லை. "கேர்ள்ஃபிரண்ட்ஸ்" என்னும் நகைச்சுவைத் தொடரின் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தார். ஜீனா பிரின்ஸ்-பைத்வுட் என்னும் பெண் இயக்குநர் 2008-இல் எடுத்த படத்தில் அவருக்கு உதவியாளர். ஏவா டுவெர்னேயின் முதல் கதைப்படத்தில் படப்பிடிப்புக் கடைநிலைப் பணியாளர். மூவரும் கறுப்பினப் பெண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் உஸ்தாதின் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து, விளக்குத் துடைத்து, அவர் கிதாபைப் புரட்டும்போது பக்கத்தில் இருந்தே இல்மைக் கற்ற மாணவர்களைப் போன்றதே இந்தப் பயிற்சி. பிறகு சிறுவர் தொடரொன்றுக்கும், "போன்ஸ்" என்னும் குற்றப் புலனாய்வுத் தொடருக்கும் எழுதினார். 2014-இல் வந்த "டியர் ஒயிட் பீப்பிள்" படத்தின் தயாரிப்பாளர்களுள் ஒருவரானார்.

இவையெல்லாம் நடந்தும் அவரை அறிந்தவர் சிலரே. "மாஸ்டர் ஆஃப் நன்" தொடரில் டெனீஸ் என்னும் தோழி பாத்திரம் முதலில் ஒரு வெள்ளையினப் பெண்ணுக்காக, தேவின் காதலியாகக் கூடியவளாக எழுதப்பட்டிருந்தது. நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலிருந்த ஆலிசன் ஜோன்ஸ் லீனாவைக் கண்டார். அன்சாரியும் அவருடைய கூட்டாளி ஆலன் யாங்கும் கண்டனர். பாத்திரத்துக்கேற்ப அவரை மாற்றாமல் அவருக்கேற்பப் பாத்திரத்தை மாற்றிவிட்டனர். டெனீஸ் கறுப்பினத்தவளானாள், பெண்ணை நேசிப்பவளானாள், லீனா அணியும் தளர்ந்த உடைகளையும் தொப்பியையுமே அணிந்தாள். தைத்து வைத்த சட்டைக்காக உடலைச் செதுக்காத அந்தத் தையற்காரர்களை நாம் மெச்சுகின்றோம்.

முதற்பருவம் முடிந்தபின் ஒருநாள், தம் தாயிடம் உண்மையைச் சொன்ன கதையை லீனா அவர்களிடம் விவரித்தார். இதுவே ஒரு பகுதியாக வேண்டும், அதையும் நீரே எழுத வேண்டும் என்றார் அன்சாரி. ஸ்பீல்பெர்க் படமொன்றில் நடிப்பதற்காக லீனா லண்டனில் இருந்த வேளையில் இருவரும் அங்கே கூடி அமர்ந்து எழுதினர். அது இரண்டாம் பருவத்தின் எட்டாம் பகுதியாக 2017 மே மாதம் வெளிவந்தது. பெயர் "தேங்க்ஸ்கிவிங்". நவம்பர் மாதத்து நான்காம் வியாழனன்று அமெரிக்கர் குடும்பத்தோடு கூடி இறைவனுக்கு நன்றி கூறி உண்ணும் திருநாள் அது.

கதை முழுவதும் ஒரே வீட்டில், ஒரே உணவு மேசையைச் சுற்றி, ஆண்டுக்கு ஒருநாளாக, 1990-களிலிருந்து 2017 வரை நடக்கின்றது. தாய், சிற்றன்னை, பாட்டி, டெனீஸ். ஆண்வாசனை அற்ற வீடு. தேவின் வீட்டில் அத்திருநாளைக் கொண்டாடும் வழக்கமில்லாமையால், தமிழ் முஸ்லிம் வீட்டுச் சிறுவனாகிய அவன் ஒவ்வோர் ஆண்டும் அங்கே விருந்தாளி. சிறுபான்மையினர் என்றால் யார் என்று குழந்தை கேட்கின்றது. பிறர் பெறுவதில் பாதியைப் பெறவே இருமடங்கு உழைக்க வேண்டியவர்கள் என்று தாய் விளக்குகின்றாள். நீயோ கறுப்பாகவும் பெண்ணாகவும் பிறந்திருக்கின்றாய், உனக்கு மும்மடங்கு என்று கணக்கும் போட்டுக் கொடுக்கின்றாள். அந்தத் தாயாக நடித்தவர் புகழ்பெற்ற நடிகை ஆஞ்செலா பாஸெட்.

டெனீஸ் பருவமடைகின்றாள். தன் இயல்பைத் தோழனிடம் சொல்ல வேண்டும்; அதற்குரிய ஆங்கிலச் சொல்லாகிய "லெஸ்பியன்" அவள் நாவில் ஏற மறுக்கின்றது. ஆகவே "நான் லெபனீஸ்" என்கின்றாள்! நம் மகள் சிரித்தாள். நாமோ, இப்பெண்ணின் முன்னோர் லெபனானிலிருந்து வந்தவர்களோ என்று மெய்யாகவே வினவினோம். ஒலியொப்புமையை அவள் விளக்கிய பிறகு நாம் சிரித்தது இன்னும் ஐந்து நிமிடத்துக்கு நிற்கவில்லை. பிறகு அரபு படித்த புத்தி வேறொன்றை எண்ணிற்று. லுப்னான் என்னும் பெயர் வெண்மையைக் குறிக்கும் வேரிலிருந்து, பனி மூடிய மலைமுகடுகளால் வந்தது என்பர். தன்னைச் சொல்லிக்கொள்ளச் சொல் கிடைக்காத ஒரு கறுப்பினச் சிறுமி, வெண்மைக்குரிய சொல்லுக்குள் ஒளிந்துகொள்கின்றாள். எழுதியவர் இதை எண்ணியே எழுதினார் என்று நாம் சொல்ல மாட்டோம்.

2006-ஆம் ஆண்டுத் திருநாள். ஒரு சிற்றுண்டிச் சாலையில் தாயும் மகளும் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றனர். மகள் சொல்லிவிடுகின்றாள். தாய் அழுகின்றாள். அவள் அழுகையில் வெறுப்பு இல்லை, அச்சம் இருக்கின்றது. கறுப்பினப் பெண்ணாக இவ்வுலகில் வாழ்வதே போதாத பாரமன்றோ, அதன்மேல் இன்னொன்றையுமா ஏற்றிக்கொள்கின்றாய் என்பது அவள் துயரம். மும்மடங்கு என்று கணக்குப் போட்டவள், இப்போது அக்கணக்கு நான்காவது மடங்குக்கு ஏறியதைக் கண்டு நடுங்குகின்றாள். லீனாவின் வாழ்விலும் இப்பேச்சு ஒரு சிற்றுண்டிச் சாலையில்தான் நிகழ்ந்தது. பொது இடத்தில் தாய் உரக்கக் கதற முடியாது அல்லவா?

இந்த இடத்தில்தான் லீனாவின் எழுத்தாற்றலை நாம் உணர்ந்தோம். சொந்தத் தாயைப் பற்றி எழுதும் மகள், புண்பட்டவள். தாயைக் கொடுமைக்காரியாக்கி எழுதியிருந்தால் கைதட்டல் எளிதில் கிடைத்திருக்கும். அவரோ மிகச் சிறந்த வசனங்களையும், மிகச் சிறந்த நடிகையையும், பார்ப்போரின் கண்ணீரையும் தாயிடமே கொடுத்துவிட்டார். தமக்கு வைத்துக்கொண்டது மௌனத்தையும் சில வேடிக்கைகளையுமே. பிறகு வரும் ஆண்டுகளில் மகள் தோழியை வீட்டுக்கு அழைத்து வருகின்றாள். தாய் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அடுத்த ஆண்டு வேறொருத்தி வருகின்றாள். அவளோ அடக்கமற்ற அசட்டுப் பெண். அவளோடு ஒப்பிடுகையில் முன்னவளே தங்கம் என்று அம்மூன்று மூதாட்டியருக்கும் தோன்றிவிடும் வண்ணம் வேடிக்கையாக அக்காட்சியை அமைத்திருக்கின்றார். எந்தச் சொற்பொழிவும் செய்யாததை ஓர் அசட்டு மருமகள் செய்துவிடுகின்றாள்! 2017-இல் பழைய தோழி மீண்டும் வருகின்றாள். தாய் அவளை அடுக்களையில் சேர்த்துக்கொள்கின்றாள். மேசையைச் சுற்றி அனைவரும் கைகோத்துப் பிரார்த்தனை செய்ய, கதை முடிகின்றது. தாய் மன்னிப்புக் கேட்கவில்லை. மகளும் வெற்றி கொண்டாடவில்லை. 2006-இலிருந்து 2017 வரை பதினோரு ஆண்டுகள். அவ்வளவு ஆண்டுகளும் மகளுக்கு அம்மேசையில் ஒரு தட்டு வைக்கப்பட்டே வந்தது.

அதே பருவத்தின் மூன்றாம் பகுதியில் நம் வீட்டுக் கதையொன்றும் இருக்கின்றது. தேவ், தான் பன்றியிறைச்சி உண்பவன் என்பதைப் பெற்றோரிடம் மறைத்து அலுத்துப்போய் வெளியிட்டுவிடுகின்றான். தாய் மனமொடிகின்றாள். அவள் முன்பு கொடுத்திருந்த குர்ஆன் பிரதியை எடுத்து ஓதிப் பார்க்கும் அவன், சூரத்துல் காஃபிரூனின் இறுதி வசனத்தை அவளுக்குச் செய்தியாக அனுப்புகின்றான். அந்த வசனத்தைத் தன் உணவுக்குத் துணையாக்கியது பற்றி நமக்குக் கருத்துவேறுபாடு உண்டு. நம் மகளிடம் அதை விரிவாகவே சொன்னோம். எனினும் ஒரு முஸ்லிம் தாய், ஒரு கறுப்பினக் கிறித்தவத் தாய் ஆகிய இருவரும் ஒரே கேள்வியின் முன் நிற்பதை அவ்விரு பகுதிகளும் அடுத்தடுத்துக் காட்டுகின்றன என்பதை மறுக்க முடியவில்லை.

2017 செப்டம்பர் 17 அன்று நடந்த எம்மி விருது விழாவில், நகைச்சுவைத் தொடருக்குரிய சிறந்த எழுத்துக்கான விருதை லீனாவும் அன்சாரியும் பகிர்ந்து பெற்றனர். அப்பிரிவில் அவ்விருதை வென்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. அன்சாரி ஒதுங்கி நின்று அவரையே பேசச் செய்தார். நம்மைப் பிறரிடமிருந்து வேறாக்கும் இயல்புகளே நம் ஆற்றல் என்னும் பொருள்பட, தம் போன்றோரை நோக்கி அவர் பேசினார்.

அந்த மேடைக்கு வரும் வழியை வெட்டிக் கொடுத்தவர்கள் உளர். ஜாக்கி "மாம்ஸ்" மேப்லி என்னும் கறுப்பின நகைச்சுவையரசி பல்லற்ற கிழவியாக, வீட்டு அங்கியும் தொளதொளத்த தொப்பியும் அணிந்து மேடையேறுவார். 1962-இல் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்திலேயே சிரிப்பலை எழுப்பினார். இளைஞர்மேல் ஆசைகொண்ட கிழவி என்பது அவர் வேடம். திரைக்குப் பின்னாலோ ஆணுடை அணிந்து, பெண்ணை நேசித்து வாழ்ந்தார். உடன் நடித்தவர்கள் அறிவர், ஊர் அறியாது. 1975-இல் மறையும் வரை அந்தக் கிழவி வேடமே அவரைக் காத்தது. லீனாவுக்கு வேடம் தேவைப்படவில்லை. இருவருக்கும் இடையே ஓடிய காலத்தை இதைவிட எப்படி அளப்பது?

பின்னர் லீனா செய்தவை பல. 2018-இல் தம் பிறந்த நகரைப் பற்றிய "தி சை" என்னும் தொடரை உருவாக்கினார். 2019-இல் "குவீன் அண்ட் ஸ்லிம்" திரைப்படத்தை எழுதினார். நெடுநாள் முன்பு எழுதி வைத்திருந்த "ட்வென்டீஸ்" 2020-இல் தொடராக வந்தது. 2021-இல் வந்த "மாஸ்டர் ஆஃப் நன்" மூன்றாம் பருவம் டெனீஸின் இல்லற வாழ்வைச் சொல்கின்றது; அன்சாரி இயக்க, இருவரும் எழுதினர். அதில் மெல்ல நகரும் துயரம் மிகுதி, சிரிப்புக் குறைவு. நமக்கு அந்த உணவு மேசையே போதும்.

முன்பு வாக்களித்த செய்திக்கு வருவோம். நம்மிடம் ஓதிய மாணவன் ஒருவன் இருந்தான். மஃக்ரஜ் பிசகாமல் ஓதுவான். அதைவிடப் பிசகாமல் நம்மைப்போல் பேசிக் காட்டுவான். நம் இருமல், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடும் பாங்கு, "ம்ம்... மேலே ஓது" என்னும் இழுப்பு, எதையும் விடமாட்டான். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டு நாமே வாய்பொத்திச் சிரித்திருக்கின்றோம். இருபது வயதில் ஒருநாள் அஸருக்குப் பின் தனியே வந்து, "ஹஜ்ரத், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். அவன் முகத்திலிருந்தே ஓரளவு ஊகித்துக்கொண்டோம். ஊகித்ததனாலேயே அவனைச் சொல்லவிடாமல் படிப்பு, வேலை, கல்யாணம் என்று நாமே பேசித் தீர்த்தோம். சில வாரங்களில் வீட்டில் தெரிந்துவிட்டது. இனி இந்தப் படி ஏறாதே என்று தந்தை சொன்னபோது, சாட்சியாக நம்மை அழைத்து வைத்திருந்தார். நாம் ஒரு சொல்லும் பேசவில்லை. கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தோம்.

மார்க்கத் தீர்ப்பு எதையும் மாற்ற நாம் வரவில்லை; கிதாபுகளில் உள்ளது உள்ளபடியே இருக்கின்றது. இரத்த உறவைத் துண்டிப்பவனைப் பற்றியும் அதே கிதாபுகளில் எழுதியிருக்கின்றது. அந்தப் பாடத்தையும் அந்தத் தந்தைக்கு நாமே முன்பொரு காலத்தில் நடத்தியிருந்தோம். அன்று தேநீர்க் குவளையோடு அது நினைவுக்கு வரவில்லை.

தந்தை மௌத்தாகி மூன்றாண்டுகள் ஆகின்றன. அந்தப் பெருநாளுக்கு மறுநாள், மகள் சென்னை திரும்பியபின், மாணவனின் தாயார் வழக்கம்போல் நம் இல்லத்தாரைக் காண வந்தார். எப்போதும் கேட்பதையே கேட்டார்: "ஹஜ்ரத், பிள்ளையப் பத்தி ஏதாச்சும் தகவல் உண்டா?" எப்போதும் போல் தலையை ஆட்டிவிடாமல், நாம் கண்ட கதையை அவருக்குச் சொன்னோம். லெபனானையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "அந்தப் பொம்பளைக்கு எத்தனை வருசம் ஆச்சு?" என்றார்.

"பதினொண்ணு."

"எனக்குப் பத்து" என்றவர், முந்தானை முடிச்சை அவிழ்த்து நைந்துபோன ஒரு தாளை எடுத்தார். அதில் கைப்பேசி எண் ஒன்று இருந்தது. எவ்வளவு காலமாக அதை வைத்திருந்தாரோ. கண் தெரியவில்லை என்று நம்மையே அழுத்தச் சொன்னார். மறுமுனையில் மணி ஒலித்தது. யாரோ எடுத்ததும் கைப்பேசியை அவரிடம் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு எழுந்து சென்றோம்.

வெகுநேரம் உள்ளே பேச்சொலியே கேட்கவில்லை. பிறகு அந்த அம்மையார் சிரிப்பது கேட்டது. நம் இருமலை அவன் பேசிக் காட்டியிருக்க வேண்டும்.